புரூஃப் பொற்காசில் சந்தேகமா? அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் முறை

காசு கைக்கு வந்துவிட்டது, அல்லது நாளை வரப்போகிறது. ஆனால் மனதில் ஏதோ இடிக்கிறது. அந்த ‘ஏதோ’ எதுவென்று தேடிப் பிடிப்பதற்கான குறிப்பு இது. நான் பேசப்போவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியா நாணயச்சாலை அடித்த அமெரிக்கப் புரூஃப் பொற்காசுகளைப் பற்றி. பிரிட்டிஷ் சவரனும், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மொஹர் என்னும் பொற்காசும் நடுநடுவே எட்டிப் பார்க்கும்.

தொடங்கும் முன் ஒன்று. புரூஃப் என்ற சொல் காசு எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அச்சுக்கு மெருகிடுவார்கள். அடிக்கப்போகும் பொன்வில்லைக்கும் மெருகிடுவார்கள். ஒவ்வொரு வில்லையாகக் கையால் வைத்து, பதக்கம் அடிக்கும் திருகு அழுத்தியில் நிதானமாகவும் பலமாகவும் அடிப்பார்கள். 1850களின் கடைசியில்தான் சேகரிப்பாளர்களுக்கு இவற்றை முறையாக விற்கத் தொடங்கினார்கள். ஒரு டாலர் முதல் இருபது டாலர் வரை ஆறு காசுகள் கொண்ட தொகுதியின் முகமதிப்பு 41.50 டாலர், விலை 43 டாலர். அந்த விலைக்கும் ஆள் வராமல் மிஞ்சியவை உருக்கப்பட்டன, அல்லது சாதாரணக் காசோடு காசாகப் புழக்கத்துக்குப் போயின. ஆகவே சோதனையில் எந்தக் கட்டத்தில் குழம்பினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தடயம் அச்சிலிருந்து வந்ததா, வில்லையிலிருந்து வந்ததா, பிறகு யாரோ செய்ததா?

மேசையில் வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒற்றை பல்பு விளக்கு (டியூப்லைட்டில் மெல்லிய கீறல் எளிதில் தெரியாது), நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசு, வெர்னியர் அளவுகோல், கீழே விரிக்க மெத்தென்ற துணி. காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். துணிக்கையுறை போட்டால் பிடி நழுவும். நன்றாகக் கழுவித் துடைத்த விரலே மேல்.

அறிகுறி: கண்ணாடியாக மின்னுகிறது, ஆனால் புரூஃப் என்று மனம் ஒப்பவில்லை

அதிகம் பேர் பணத்தைத் தொலைக்கும் இடம் இது. நானும் இங்கேதான் தொலைத்தேன். பல ஆண்டுகளுக்கு முன் 1889ஆம் ஆண்டின் ஒரு டாலர் பொற்காசு ஒன்றைப் புரூஃப் விலை கொடுத்து வாங்கினேன். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது, 15 மில்லிமீட்டர். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பு. அந்த ஆண்டு நாணயச்சாலைக் கணக்கில் 1,779 புரூஃப்கள் உண்டு என்பதால் ‘கிடைக்கக்கூடியதுதானே’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தபோது பூப்பக்கத்து மாலைக்குள், ஆண்டு எழுத்தின் அருகே, பேய் நிழல் போல ஒரு வளைகோடு தெரிந்தது. தலைப்பக்கத்துப் பெண்ணின் முக ஓரம் அது. நடுவே வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதினால் ஒன்றின் உருவம் மற்றதில் பதியும். பிறகு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அது தெரியும். வேகமாக ஓடும் இயந்திரத்தில் இது சகஜம். ஒவ்வொன்றாகக் கையால் வைத்து அடிக்கும் புரூஃபில் இப்படி ஒன்றைக் கண்டால் சந்தேகம் வலுக்க வேண்டும். அடுத்து விளிம்பைப் பார்த்தேன். உள்ளோரம் மழுங்கிச் சரிந்திருந்தது. அத்தோடு கதை முடிந்தது. விற்றவர் ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்றார். உண்மைதான், பார்த்தேன், பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

காரணம் எளியது. புதிதாக மெருகிட்ட அச்சில் முதலில் விழும் சாதாரணக் காசுகளும் கண்ணாடியாகத்தான் இருக்கும். குறைவாக அடித்த ஆண்டுகளில் அந்த மெருகு தேய்வதற்குள் வேலையே முடிந்துவிடும். 1885இன் இருபது டாலரில் சாதாரணக் காசு 751, புரூஃப் 77. 1886இல் 1,000க்கு 106. இப்படிப்பட்ட ஆண்டுகளில் பளபளப்பை வைத்து எதையும் சொல்ல முடியாது.

எனவே பளபளப்பை ஒதுக்கிவிட்டு இப்படிப் பாருங்கள். காசைச் சாய்த்து, விளிம்பும் பரப்பும் சேரும் மூலையைப் பார்க்க வேண்டும். புரூஃபில் அந்த மூலை தச்சன் இழைத்த பலகையின் முனை போலச் சதுரமாக நிற்கும். சில காசுகளில் அழுத்தம் தாங்காமல் பொன் பிதுங்கி, வெளி ஓரத்தில் கம்பி போல மெல்லிய வரம்பு எழும்பியிருக்கும். எழுத்துகளின் பக்கச்சுவர் செங்குத்தாக இறங்கும். நட்சத்திரங்களின் நடுக்கோடு, முடிக்கற்றையின் உச்சி, கழுகின் கழுத்துச் சிறகு ஆகிய மூன்றும் முழுமையாக எழுந்திருக்கும்.

பிறகு பரப்பு. ஒரு நாளிதழைக் காசுக்கு எதிரே செங்குத்தாகப் பிடித்து, அதன் எழுத்து எவ்வளவு தூரம் வரை காசில் பிரதிபலித்துப் படிக்க முடிகிறது என்று பாருங்கள். சாதாரணக் காசின் கண்ணாடி பெரும்பாலும் மேலோட்டமானது. எழுத்து சீக்கிரம் கலங்கிவிடும். புரூஃபில் ஆழம் இருக்கும். இன்னொரு அடையாளம் படத்தில் அவ்வளவாகப் பிடிபடாது, நேரில் ஒருமுறை பார்த்தால் மறக்காது: லென்ஸுக்குக் கீழே பரப்பு சமதளமாக இல்லாமல் கமலா ஆரஞ்சுத் தோல் போல மெல்ல மெல்ல மேடுபள்ளமாக அலையும். அந்தக் காலத்து அமெரிக்கப் புரூஃப் பொன்னைப் பழகியவர்கள் தேடுவது இதைத்தான்.

ஒரு தடயம் மட்டும் சரியாக இருந்தால் ‘இருக்கலாம்’. மூலை, சுவர், பரப்பு மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அறிகுறி: ஆண்டு புரூஃப் என்கிறது, முகம் இல்லை என்கிறது

1883, 1884, 1887 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிலடெல்பியாவில் இருபது டாலர் காசு புரூஃபாக மட்டுமே அடிக்கப்பட்டது: முறையே 92, 71, 121. பிலடெல்பியா காசில் நாணயச்சாலையின் எழுத்து இருக்காது. ஆனால் அதே ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவில் லட்சக்கணக்கில் அடித்தார்கள். அவற்றில் ‘எஸ்’ எழுத்து உண்டு. மோசடிக்காரனுக்கு வேலை சுலபம். ஒரே ஒரு எழுத்தைச் சுரண்டினால் போதும்.

எழுத்து இருக்க வேண்டிய இடம் பூப்பக்கத்தில், கழுகின் வாலுக்கும் கீழே உள்ள மதிப்பு எழுத்துக்கும் நடுவே. விளக்கைத் தாழ்த்தி, ஒளி கிட்டத்தட்டப் படுத்தபடி வரும்படி வைத்து அந்த இடத்தைப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் ஒரு சிறு பள்ளமோ, சுற்றிலும் இல்லாத ஒரு தனி மினுக்கமோ, ஒரே திசையில் ஓடும் நுண்கோடுகளோ தெரியும். சந்தேகம் தீரவில்லையா? அந்த இடத்தையே மறந்துவிட்டு தலைப்பக்கத்துப் பெண்ணின் கன்னத்தைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ காசுகள் மூட்டையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பயணம் செய்தவை. கன்னமெல்லாம் வெட்டுத் தழும்பாக இருக்கும். எழுத்தை அழிக்கலாம், சதுர மூலையைப் புதிதாக உண்டாக்க முடியாது.

அறிகுறி: பரப்பில் மெல்லிய கோடுகள்

பதற வேண்டாம். கோடு மேடா, பள்ளமா? முழுக் கேள்வியும் இதுதான்.

அச்சுக்கு மெருகிடும்போது அச்சில் விழுந்த கீறல், காசில் மேடாக எழும். பிற்பாடு காசின் மேல் துணியோ தூரிகையோ பட்டு விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். மேட்டுக்கோடு தன் இடப்பக்கச் சரிவில் ஒளி வாங்கும். பள்ளக்கோடு தன் வலப்பக்கச் சுவரில் வாங்கும். முதலில் பிடிபடாது, காசை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

இதைவிட எளிய வழியும் உண்டு. காசின் வெறும்பரப்புதான் அச்சின் மிக உயரமான பகுதி. மெருகுக்கல் அதை மட்டுமே தொடும். ஆகவே அச்சுக்கோடு எழுத்தின் காலடி வரை வந்து நின்றுவிடும். துடைத்ததால் வந்த கீறலுக்கு அந்த மரியாதை கிடையாது. பரப்பிலிருந்து எழுத்தின் மேல் ஏறி, இறங்கி, அப்பாலும் போகும்.

இந்த விதிக்கு ஒரு பேர்பெற்ற விலக்கு 1879இன் நான்கு டாலர் ‘ஸ்டெல்லா’. சர்வதேசக் காசாக ஆக்கலாம் என்ற யோசனையில் மாதிரிக்கு அடித்து, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் கொடுத்தது. விரிந்த கூந்தல் வகையில் 425 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அநேகமாக எல்லாவற்றிலும் கூந்தலின் நடுவே இணைகோடுகள் ஓடும். யாரோ அரத்தால் ராவியது போலவே இருக்கும். புதிதாக வருபவர் ‘தேய்த்துக் கெடுத்த காசு’ என்று தள்ளிவிடுவார். அந்தக் கோடுகள் வில்லையிலேயே இருந்தவை. பொன் தகடு இழுபட்டபோது விழுந்து, அழுத்தம் முழுமையாகச் சேராத நடுப்பகுதியில் அழியாமல் தங்கிவிட்டவை. ஸ்டெல்லாவைப் பொறுத்தவரை கோடே இல்லாத வழுவழுப்பான கூந்தல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அறிகுறி: எடை இடிக்கிறது, அல்லது எடை சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை

இருபது டாலர் 33.436 கிராம், பத்து 16.718, ஐந்து 8.359, மூன்று 5.015, இரண்டரை 4.18, ஒன்று 1.672. இவை எல்லாம் பத்துக்கு ஒன்பது பங்கு பொன், மீதி பெரும்பாலும் செம்பு. ஸ்டெல்லா மட்டும் 7 கிராம்; 6 கிராம் பொன், 0.3 வெள்ளி, 0.7 செம்பு என்று தன் கலவைக் கணக்கைத் தலைப்பக்கத்திலேயே வட்டமாக எழுதி வைத்திருக்கும் விசித்திரக் காசு அது. இருபது டாலருக்குச் சட்டம் அனுமதித்த ஏற்ற இறக்கம் அரை கிரெயின், அதாவது 0.03 கிராம் அளவு. தேயாத புரூஃப் அதற்கு மேல் விலகினால் முதலில் தராசைச் சரிபாருங்கள், பிறகு காசை.

நம் ஊரில் இன்னொரு குழப்பம் உண்டு. பவுன், சவரன் என்று நாம் சொல்லும் எடை பிரிட்டிஷ் பொற்காசின் பெயரிலிருந்தே வந்தது. கடையில் அது 8 கிராம். உண்மையான சவரன் காசு 7.988 கிராம்தான். ‘எட்டுக்குக் கொஞ்சம் குறைகிறதே, தேய்ந்திருக்கும்’ என்று ஒரு நல்ல காசை உருக்கப்போன வீட்டை எனக்குத் தெரியும்.

எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. 19ஆம் நூற்றாண்டில் பிளாட்டினம் பொன்னைவிட மலிவு. உண்மையான இருபது டாலரை விளிம்போடு அறுத்து, உள்ளே குடைந்து பொன்னை எடுத்துக்கொண்டு, பிளாட்டினத் தகட்டை வைத்து மூடிய கைகள் அந்தக் காலத்திலேயே இருந்தன. முகம் இரண்டும் அசல், எடையும் சரி. பொய் விளிம்பில் மட்டும். காசைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்புவரிகளின் குறுக்கே முடி போல ஒரு கோடு சுற்றி ஓடுகிறதா என்று லென்ஸில் பாருங்கள். நகைக்கடை எக்ஸ்ரே கருவி மேல்தோலைத்தான் படிக்கும், இதைப் பிடிக்காது.

அடர்த்திச் சோதனை செய்யலாம். இந்தக் கலவை 17.2 அளவில் வரும். தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துச் சுழியாக்கிவிட்டு, இருபது டாலர் காசைக் கோப்பையின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டால் 1.94 கிராம் காட்ட வேண்டும். ஆனால் புரூஃப் காசை நூலில் கட்டித் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காத வேலை. நூல் ஒருமுறை நழுவினால் கண்ணாடியில் கீறல். உரைகல் பக்கமே கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லவும் வேண்டுமா?

அறிகுறி: உருவம் அழகாகப் பனி பூத்திருக்கிறது, ஆனால் புள்ளி புள்ளியாக

நல்ல புரூஃபில் உருவம் பனி படர்ந்தது போல மங்கலாகவும் பரப்பு கருங்கண்ணாடியாகவும் இருக்கும். இந்த எதிர்வுக்குத்தான் கேமியோ என்று பெயர். விலையும் அதனால்தான் ஏறுகிறது. இதைப் போலியில் கிட்டத்தட்டத் தானாகவே வரவழைக்கும் ஒரு முறை இருப்பது பலருக்குத் தெரியாது. அசல் காசை மாதிரியாக வைத்து, மின்பொறியால் எஃகை அரித்து அச்சு செய்வார்கள். அரித்த அச்சு முழுவதும் குண்டும் குழியுமாக இருக்கும். அதன் மேல்பரப்பை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள்; உருவத்தின் பள்ளத்துக்குள் கருவி போகாது. அடித்தால் பரப்பு கண்ணாடி, உருவம் சொரசொரப்பு. அரையடி தூரத்திலிருந்து பார்த்தால் அருமையான கேமியோ.

லென்ஸ் இந்த வேடத்தைக் கலைத்துவிடும். அசல் பனி, மாவு தூவியது போலச் சீராக இருக்கும். தனித்தனி மணி தெரியாது. மின்பொறி அச்சில் வந்ததோ கன்னத்தில் வேர்க்குரு போலத் தனித்தனிப் பருக்கள்.

வார்ப்புப் போலிகளில் நேரம் செலவிட வேண்டாம். காற்றுக்குமிழிக் குழி, வழுவழுத்த எழுத்து, விளிம்பில் ஒட்டுத் தழும்பு. ஒரு பார்வையில் விழுந்துவிடும்.

அசல் காசிலிருந்து படியெடுத்த அச்சில் வந்தவைதான் ஆபத்து. மாதிரிக் காசில் இருந்த அடித்தழும்பு ஒவ்வொரு போலியிலும் அப்படியே பதிந்திருக்கும். உண்மையான அடியின் பள்ளத்தில் ஓரம் கூராகவும் உட்புறம் வேறு மினுக்கத்தோடும் இருக்கும். படியெடுத்த பள்ளம் ஓரம் மழுங்கி, சுற்றுப்பரப்பின் அதே தோலோடு இருக்கும். அதே இடத்தில் அதே தழும்புள்ள இரண்டாவது காசு ஒன்றை எங்காவது பார்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. எல்லாப் போலியாளரும் அடக்கமானவர்கள் என்று நினைக்க வேண்டாம்: 1907இன் உயர்புடைப்பு (உருவம் வழக்கத்தைவிட மேலெழும்பிய) இருபது டாலரைப் போலி செய்த ஒருவர், கழுகின் நகத்துக்குள் கிரேக்க ஒமேகா எழுத்தைக் கையெழுத்தாகவே போட்டு வைத்தார். அது அடுத்த நூற்றாண்டுக் காசு. இருந்தாலும் நகத்துக்குள் பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அறிகுறி: எல்லாம் பொருந்துகிறது, ஆனாலும் உறுதி இல்லை

இங்கே ஒரு சோதனை இருக்கிறது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட நம்பிக்கை தருவது இதுதான், செலவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆண்டு எண்ணை ஒவ்வொரு அச்சிலும் தனித்தனியாகக் கையால் குத்திப் பதித்தார்கள். அதனால் ஒவ்வொரு அச்சிலும் எண் ஒரு மயிரிழை மேலேயோ கீழேயோ, இடமோ வலமோ, சாய்ந்தோ இருக்கும். புரூஃபுக்கு ஒதுக்கிய அச்சுகள் ஓர் ஆண்டில் ஒன்றிரண்டு ஜோடிதான்.

காசின் ஓரத்தில் சுற்றி ஓடும் பற்களைக் கவனியுங்கள். ‘1’ எண்ணின் அடிப்பாதத்தின் இட முனை ஒரு பல்லின் நடுவுக்கு நேராக நிற்கிறதா, இரண்டு பல்லுக்கு இடைவெளியில் நிற்கிறதா? கடைசி எண் கழுத்து முனைக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது? எண் வரிசை வலப்பக்கம் ஏறுகிறதா? ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அதே ஆண்டின் உறுதியான புரூஃப் ஒன்றின் பெரிய படத்தை எடுத்து ஒப்பிடுங்கள். பிலடெல்பியா நாணயச்சாலை 1838இல் தொடங்கிய தனிச் சேகரம் 1923இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டுதோறும் எடுத்து வைத்த புரூஃப்கள் அதில் இருக்கின்றன. பெரிய ஏல நிறுவனங்களின் பழைய படங்களும் இணையத்தில் கிடைக்கும். எண்ணின் இடம் பொருந்தவில்லை என்றால் காசு போலி என்று ஆகிவிடாது. சாதாரணக் காசாக இருக்கலாம். ஆனால் புரூஃப் விலை கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

பெரிய சேகரங்கள் வழியாக வந்த காசானால் இன்னும் ஒரு படி உண்டு. 1954இல் கெய்ரோவில் விற்கப்பட்ட எகிப்தின் முன்னாள் மன்னர் ஃபாரூக்கின் சேகரம், 1982இல் ஏலம் போன அமெரிக்கச் சேகரிப்பாளர் எலியாஸ்பெர்க்கின் பொற்காசுகள் போன்ற பெயர்களைச் சொல்லி விற்பார்கள். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். பட்டியலில் படம் இருந்தால், ஒரு செம்புப் புள்ளியோ நுண் தழும்போ அதே இடத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். தழும்பு மறையாது, புதிது சேரலாம். படத்தில் இருப்பது காசில் இல்லை என்றால் அது வேறு காசு, அல்லது யாரோ ‘சரிசெய்த’ காசு.

அறிகுறி: விளிம்பில் ஓரிடம் மட்டும் வேறு மாதிரி

பன்னிரண்டு மணி நிலையில், அதாவது தலைக்கு நேர்மேலே பாருங்கள். கொக்கியும் வளையமும் வைக்கும் இடம் அதுதான். நம் வீட்டுக் காசுமாலைகளில் சவரனுக்கு நேர்ந்ததுதான் அமெரிக்காவில் ஸ்டெல்லாவுக்கும் நேர்ந்தது. மாட்டிக் கழற்றிய தடம் உள்ளவை அதில் நிறைய. பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்தில் விளிம்புவரிகள் நிரம்பி மழுங்கியிருக்கும், நிறம் ஒரு சாயல் மாறும், சுற்றிலும் பரப்பு சூட்டில் வெந்து கண்ணாடி கலங்கியிருக்கும். திறமையான கை வரிகளை அரத்தால் மீண்டும் வெட்டிவிடும். அப்போது அந்த வரிகளின் இடைவெளி பக்கத்து வரிகளோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வெர்னியரில் நான்கு திசையிலும் விட்டம் அளந்தால் ராவிய இடம் தானே சொல்லும்.

இப்படிப்பட்ட காசு அசல்தான். அசலின் விலையில் ஒரு பகுதிக்கு, தெரிந்தே வாங்கினால் தவறில்லை.

அறிகுறி: நிறம் சரியில்லை

செம்புச் சிவப்பில் சிறு புள்ளி இருந்தால் கவலை வேண்டாம். கலவையில் செம்பு சரியாகக் கலக்காத இடம் அது. பெரும்பாலும் காசுக்கு நல்ல சாட்சிதான். பச்சைப் பசை படலம் இருந்தால், பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்தது. சுத்தமான அசிட்டோனில் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்துக் காயவையுங்கள்.

காசு முழுக்க ஒரே சீரான வெளிர் மஞ்சளாக, பனி இருக்க வேண்டிய இடத்திலும் பளபளப்பாக இருந்தால்தான் வருத்தம். யாரோ கழுவியிருக்கிறார்கள். பூந்திக்கொட்டை நுரை பொன்னை ஒன்றும் செய்யாது. கூடவே வரும் அந்தத் தூரிகைதான் வில்லன். நகை என்றால் புதிதாகிவிட்டது என்று மகிழலாம். புரூஃப் என்றால் நூற்றைம்பது ஆண்டு காத்த தோலை ஐந்து நிமிடத்தில் உரித்தாயிற்று. திருத்த வழியே இல்லை.

அறிகுறி: தேய்ந்திருக்கிறது, கண்ணாடியே இல்லை, ஆனால் புரூஃப் என்கிறார் விற்பவர்

அவர் பொய் சொல்வதாக முடிவு கட்டாதீர்கள். விற்காமல் மிஞ்சி புழக்கத்துக்குப் போன புரூஃப்கள் இருந்தன என்றேன் அல்லவா? தேய்ந்தாலும் அது புரூஃப்தான். எழுத்துகளுக்கு நடுவே, பற்களின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் கண்ணாடித் துண்டுகளைத் தேடுங்கள். ஆண்டு எண்ணின் இடத்தை ஒப்பிடுங்கள்.

அறிகுறி: ஆண்டுக்கும் காசுக்கும் பொருத்தமில்லை

அசலாகவே ஆண்டு பொய் சொல்லும் காசுகள் உண்டு. 1804 என்று பொறித்த பத்து டாலர் புரூஃப், சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசுத் தொகுதி அனுப்புவதற்காக 1834இல் அடித்தது. 1875இன் மூன்று டாலருக்குக் கணக்கில் 20 புரூஃப்கள்தான், புழக்கக் காசே இல்லை. இருப்பதோ அதற்கு மேல் என்பதால் பின்னால் மறுபடி அடித்திருப்பார்கள் என்ற பேச்சு நெடுநாளாக உண்டு.

இந்தியாவிலும் இதே சிக்கல்தான். 1835ஆம் ஆண்டின், பிரிட்டிஷ் மன்னர் நான்காம் வில்லியம் தலை பொறித்த மொஹர், பூப்பக்கத்தில் பனைக்கு முன் நடக்கும் சிங்கம், 11.66 கிராம். சேகரிப்பாளர்கள் கேட்டதற்கிணங்க இந்திய நாணயச்சாலைகளே பழைய அச்சுகளை வைத்துப் பிற்காலத்தில் மறு அடிப்பு செய்து கொடுத்தன. அவை போலி ஆகாது, அசலும் ஆகாது. விலை நடுவில் எங்கோ நிற்கும். வாங்கும் ரசீதில் ‘முதல் அடிப்பு’ என்றோ ‘மறு அடிப்பு’ என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

அறிகுறி: முத்திரையிட்ட பெட்டியில்தான் இருக்கிறது, ஆனாலும் உறுத்துகிறது

பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய இரண்டு சான்று நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டிகளையே போலி செய்கிறார்கள். உண்மையான ஒரு காசின் எண்ணையே அச்சிட்டிருப்பார்கள். ஆகவே தளத்தில் எண்ணைத் தேடி ‘இருக்கிறது’ என்று வந்தால் போதாது. அங்குள்ள படத்தையும் கையில் உள்ள காசையும் தழும்புக்குத் தழும்பு ஒப்பிட வேண்டும். படம் இல்லாத பழைய சான்று என்றால் மீண்டும் அனுப்பிப் பார்ப்பதே வழி. ‘இந்தத் தரத்தில் இத்தனைதான் உலகில்’ என்ற பட்டியல் எண்ணையும் அப்படியே விழுங்க வேண்டாம். தரம் உயராதா என்ற ஆசையில் ஒரே காசைப் பெட்டி உடைத்துப் பலமுறை அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் கணக்கில் ஒன்று ஏறும்.

பெட்டி இல்லாத காசை இந்தியாவில் வாங்கியிருந்தால், வெளிநாட்டுக்கு அனுப்பிச் சான்று வாங்கலாம் என்று எண்ணி மூட்டை கட்டிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அமெரிக்கக் காசுதானே என்ற வாதம் சுங்கத்தில் எடுபடாது. ஆகவே வெளியில் வாங்குவதாக இருந்தால், சான்று வேலையை அங்கேயே முடித்து, பெட்டியோடு வரவழையுங்கள். விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன்பே திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். என் ஒரு டாலருக்கு அந்தக் கெடு மூன்று நாளாக இருந்தது. நான் லென்ஸை எடுத்தது நான்காம் நாள் மாலை.